நூறு கஜத்தில் டம்ளர் வாய் அளவு

என் கணவருக்கு ஒரு மான் சுட வேண்டும். வேட்டை சீசன் திறந்ததும், அவருடைய பழைய முன்னூற்று மூன்று துப்பாக்கியால், அவரே தயார் செய்த தோட்டாவால், ஒரே ஒரு மான். வேறு எந்த ஆசையையும் அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு என் ஆசை. வீட்டுக்குப் பின்னால் குளிரில் செத்துச் செத்துப் பிழைக்கும் கறிவேப்பிலைச் செடி என் ஆசை. மகளைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்து அவளை அழவைத்ததும் என் ஆசைதான். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவர் வாய் திறந்து கேட்டது இந்த மான் ஒன்றைத்தான்.

டெக்சாஸில் இதைச் சொன்னால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். நாங்கள் இருக்கும் ஆலனில் எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் சுவரில் மான் தலை தொங்குகிறது. நம்மவர்களிடம் சொன்னால்தான் வம்பு. கோயிலில் புளியோதரை வரிசையில் நிற்கும்போது ஒரு ஆன்ட்டி, "சனிக்கிழமையானா ரெண்டு பேரும் கார்ல எங்கதான் போறீங்க?" என்று கேட்டார். "வாக்கிங்" என்றேன். "வாக்கிங் போறதுக்கு ஹைவேல போகணுமா?" என்றார். அங்கே குளம் இருக்கிறது, வாத்து இருக்கிறது என்று அளந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் அவரும் வருவதாகச் சொல்லி என்னைத் திண்டாட வைத்தார்.

துப்பாக்கி வந்த கதை சின்னது. பிளானோவில் அவருடைய ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒரு அமெரிக்கர் ரிட்டயர் ஆனார். அவருடைய அப்பா வைத்திருந்த துப்பாக்கி அது. யுத்தத்துக்காகச் செய்தது. யுத்தம் முடிந்ததும் கட்டையைச் செதுக்கி மெலிதாக்கி வேட்டைக்கு ஆக்கியிருந்தார்கள். நம் ஊரில் ட்ரெஷரி வாசலில் காவல் நிற்கும் போலீஸ்காரர் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பாரே, அதே ஜாதி. இவர் கோயம்புத்தூரில் படிக்கும்போது மாணவர் படை முகாமில் அதை வைத்து ஒரே ஒரு தடவை சுட்டிருக்கிறார். தோளில் கன்றிப்போன இடத்தை ஹாஸ்டலில் எல்லோருக்கும் காட்டினாராம். நண்பர் பெட்டியைத் திறந்ததும் "த்ரீ நாட் த்ரீயா?" என்று கேட்ட குரலை, எங்கள் பெண் பிறந்தபோதுகூட நான் கேட்கவில்லை. அந்த நண்பருக்கு மேற்கே கொஞ்சம் நிலம் இருந்தது. நவம்பரில் வா, என் இடத்திலேயே ஒரு மான் சுடலாம் என்று சொல்லித் துப்பாக்கியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குத் தோட்டா கடையில் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் வேட்டைக்கு ஆகாத ரகமாக இருக்கும். அதனால் சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, கழுவி, வாயைத் திரும்ப இறுக்கி, அடியில் பொறி கிளப்பும் புதுப் பிரைமர் வைத்து, உள்ளே மருந்து அளந்து போட்டு, மேலே புதுக் குண்டை அழுத்தி, மறுபடியும் தோட்டா ஆக்க வேண்டும். இதற்கென்று ஒரு கைப்பிடி வைத்த பிரெஸ், ஒரு தராசு, இன்னும் என்னென்னவோ வந்து கராஜில் இறங்கின. பொன்னி அரிசி மூட்டைக்கும் இரண்டாவது ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு மேஜை முளைத்தது. வெடிமருந்துப் பக்கத்தில் சாப்பாட்டுச் சாமானா என்று சண்டை போட்டேன். மூட்டைதான் நகர்ந்தது.

எனக்கு முதலில் இது ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் நான் கெமிஸ்ட்ரி படித்தவள். தராசைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தள்ளி நின்று பார்த்தவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டுக்குள் வளைந்த ஹேர்பின்னை விட்டு அடிப்பக்கம் தடவிப் பார்க்க நான்தான் கற்றுக்கொண்டேன். இந்தத் துப்பாக்கியில் சுடச் சுடப் பித்தளை நீண்டு, அடியிலிருந்து ஒரு விரல் மேலே உள்பக்கம் மெலிந்து பள்ளம் விழும். ஹேர்பின் அங்கே தடுக்கினால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் சுடும்போது இரண்டாகப் பிய்ந்து பாதி உள்ளேயே சிக்கும். முதல் மாதமே எங்களுக்கு அப்படிச் சிக்கியது.

அதை எடுத்துக் கொடுத்தது, சனிக்கிழமைகளில் நாங்கள் சுடப் போகும் ரேஞ்சை நடத்தும் பெண்மணி. என் வயதுதான் இருக்கும், பேச்சில் சர்க்கரை கிடையாது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். இது சேற்றிலும் சகதியிலும் சிக்காமல் சுடுவதற்காகத் தளர்வாகக் கடைந்த துப்பாக்கி. ஒன்றின் குழாய் போல இன்னொன்றின் குழாய் இருக்காது. இதில் மருந்தைக் கூட்டி வேகம் தேடாதீர்கள். கூட்டை முழுசாக இறுக்காமல் கழுத்தை மட்டும் இறுக்குங்கள். அப்போதும் கூடு சீக்கிரம்தான் சாகும். நூறு கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் எல்லாம் விழுந்தால் சந்தோஷப்படுங்கள், மானுக்கு அது தாராளம். ரியலிஸ்டிக் எக்ஸ்பெக்டேஷன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தாள். மூன்று அங்குலத்தை அவள் விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். எங்கள் வீட்டு காபி டம்ளரின் வாய் அளவு இருந்தது.

கார் கிளம்பியதும் இவர் சிரித்தார். "மூணு இஞ்ச்சாமா. ஒரு இஞ்ச்சுல கொண்டுவந்து காட்டறேன் பாரு."

"அந்தம்மா இதே தொழிலா இருக்காங்க. அவங்க சொன்னா கேட்டுக்கங்களேன்."

"அவங்க ஆவரேஜ் சொல்றாங்க. நம்ம சிஸ்டமேட்டிக்கா ட்யூன் பண்ணா வரும்."

கம்ப்யூட்டர்க்காரரைக் கட்டிக்கொண்டால் இதுதான். எதையும் ட்யூன் பண்ணலாம், எதிலும் ஒரு பக் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை மருந்தை மாற்றினார். அடுத்த சனிக்கிழமை குண்டை மாற்றினார். அதற்கடுத்து குண்டு எவ்வளவு ஆழம் உட்காருகிறது என்பதை மாற்றினார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டுமாம், அப்போதுதான் எது கோளாறு என்று தெரியுமாம். நானும் மண்டையை ஆட்டினேன்.

ஆனால் அந்தத் துப்பாக்கி எங்களோடு விளையாடியது. ஒரு வாரம் ஓட்டைகள் நெருக்கமாக விழும், இவர் வீடு வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். அடுத்த வாரம் அதே மருந்து, அதே குண்டு, நான் அளந்த அதே அளவு, ஆனால் குறி அட்டையில் அம்மை போட்டது மாதிரி எங்கும் ஓட்டை. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. காற்று என்றார். ஈரப்பதம் என்றார். பித்தளை வேறு கம்பெனி என்றார். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு காரணம் கிடைத்தது, அதில் பாதியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

இதற்குள் தராசில் நம்பர் படிப்பது என் வேலை ஆகியிருந்தது. "நீ படிம்மா, உன் கண்ணு ஷார்ப்பு" என்பார். தோட்டாவில் முக்கியமானது மருந்தின் அளவு. அதில் தப்பு வந்தால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை. இருபத்தைந்து வருஷம் கழித்து இந்த மனுஷன் நம்மை ஒரு ஆளாக மதித்துக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்தேன். வெயில் இறங்கினால் டோல்வேயில் வண்டி ஓட்ட மாட்டேன் என்றார், முதுகு வலி என்றார். அதையும் நம்பினேன். ரேஞ்சுக்கு நான் ஓட்டினேன். இந்தியக் கடைக்கு நான் ஓட்டினேன். ஒருநாள் ஆபீஸுக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

சர்க்கரை இருந்தது. யாருக்கு இல்லை? எங்கள் பாட்லக் விருந்தில் ஒரு மேஜையைச் சுற்றி நின்றால் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும். "பார்டர்ல இருக்கு" என்பார்கள் எல்லோரும், கையில் குலாப் ஜாமூன் கிண்ணத்தோடு. இவரும் அதே பார்டரில் பத்து வருஷமாக நின்றுகொண்டிருந்தார். டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் சோற்றைத் தொடமாட்டார், ராகி, வெந்தயம், பாகற்காய் என்று வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். டெஸ்ட் முடிந்த மத்தியானம் நேரே பிரியாணி. அந்த டெஸ்ட் மூன்று நாளைப் பார்ப்பதில்லை, மூன்று மாதத்தைப் பார்க்கிறது என்று டாக்டர் சொல்லியும் இந்த வழக்கம் போகவில்லை. தோட்டாவுக்கு மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தவர், மாத்திரை டப்பாவில் இருந்த மருந்தை ஒழுங்காகப் போட்டாரா என்று நான் பார்க்கவில்லை.

கண்ணுக்கும் அப்படித்தான். கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று அவர் சொல்லாமல் இல்லை. "ஊருக்குப் போறப்ப மாத்திக்கலாம்" என்றேன், அல்லது அவர் சொல்ல நான் ஆமாம் போட்டேன், இப்போது நினைவில்லை. இங்கே வந்த நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் இது. பல் என்றால் ஊருக்குப் போகும்போது, கண்ணாடி என்றால் ஊருக்குப் போகும்போது. அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், கடைக்குள் நுழைந்தால் ஒரு பையன் மெஷினில் தாடையை வைக்கச் சொல்வான், சாயங்காலம் கண்ணாடி கையில். போன டிசம்பரில் ஊரில் அப்படித்தான் மாற்றினோம். அவன் பவர் பார்த்தான். பவர் பார்ப்பதுதான் அவன் வேலை. கண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கே ஆளும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தோம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. சீசனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இவர் சுட்ட ஐந்தும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறிக் கிடந்தன. ஒன்று அட்டையிலேயே இல்லை. இவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "மாத்தாத வேரியபிள் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

"என்னது?"

"நான்தான். எனக்கு ஃப்ளிஞ்ச் வந்துருச்சோ என்னவோ. சத்தத்துக்குப் பயந்து உடம்பு முன்னாடியே சிலுத்துக்கும். நீ சுடு. நீயும் இப்படியே சுட்டா துப்பாக்கி சரியில்ல."

நான் அதுவரை ரேஞ்சில் வாடகைக்குக் கொடுக்கும் சின்னத் துப்பாக்கியைத்தான் சுட்டிருந்தேன், பொழுது போவதற்காக. இது தோளை இடிக்கும் என்று தெரியும். துப்பட்டாவை நான்காக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணல் மூட்டையில் துப்பாக்கியைப் பதித்து, பின்னால் உள்ள துளை வழியாக முன்னால் நிற்கும் குச்சியைப் பார்த்து, குச்சியின் தலையில் கறுப்பு வட்டத்தை உட்காரவைத்தேன். தெளிவாகத் தெரிந்தது. அது தெளிவாகத் தெரியாமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. ஐந்தும் சுட்டேன். தோள் எரிந்தது.

முக்காலியில் வைத்திருந்த தொலைநோக்கியில் முதலில் நான்தான் பார்த்தேன். ஐந்து ஓட்டையும் நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கம், ஒரு டம்ளரைக் கவிழ்த்தால் மூடிவிடலாம். ரேஞ்சுப் பெண்மணி சொன்னது சொன்னபடி. துப்பாக்கியில் ஒன்றுமில்லை. மருந்தில் ஒன்றுமில்லை. பித்தளையில், காற்றில், ஈரப்பதத்தில் ஒன்றுமில்லை. அந்த வருஷம் முழுக்க நாங்கள் கராஜில் உட்கார்ந்து மிக நல்ல தோட்டாக்களைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். புருஷனை ஜெயித்துவிட்ட சிரிப்பு. "ஏங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இன்னொரு கண்ணால் பார்த்தார். தொலைநோக்கியின் திருகைத் திருகினார். "எங்கம்மா சுட்ட?" என்றார். "ஒண்ணுமே காணமே."

"நடுவுலதாங்க. எல்லாமே நடுவுலதான் இருக்குது."

அவர் நிமிரவில்லை. கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலேயே, "அட்டை தெரியுது. ஓரம் தெரியுது. நடுவுல ஒரு கறை மாதிரி இருக்குது. லென்ஸ்ல அழுக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். எல்லா லென்ஸிலுமா அழுக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்து, "அப்ப துப்பாக்கி நல்லாத்தான் இருக்குது" என்றார்.

திங்கட்கிழமையே போய்விட்டோம். பிளானோவில் விழித்திரை டாக்டர், எங்கள் மகளைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். இரண்டு கண்ணுக்குள்ளும் படம் எடுத்தாள். சர்க்கரையால் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் கசிந்து, பார்வையின் நடுப்புள்ளி நீர் கோத்து வீங்கிக் கிடக்கிறது, வலது கண்ணில் அந்த இடம் ஏறக்குறைய செத்துவிட்டது, இடது கண்ணும் அதே வழியில் இருக்கிறது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். சர்க்கரை ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஒரு நாள் கொஞ்சம் தெரியும், ஒரு நாள் தெரியாது என்றாள். நெருக்கமாக விழுந்த சனிக்கிழமைகளுக்கும் சிதறிய சனிக்கிழமைகளுக்கும் காரணம் அங்கே கிடைத்தது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதா மாதம் போட வேண்டும். அது இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கும், போனதைக் கொண்டுவராது. பிறகு அவளும் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னாள். ரியலிஸ்டிக் எக்ஸ்பெக்டேஷன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இவர் சிரித்துவிட்டார். "மூணு இஞ்ச்சா டாக்டர்?" என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனதுதான். கார் சாவி என் கைக்கு வந்தது. டெக்சாஸில் வண்டி ஓட்டாத ஆம்பளை, பால் வாங்கக்கூடப் பெண்டாட்டியைக் கேட்கவேண்டிய ஆம்பளை. ஆபீஸில் முதலில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். ஒரு திரையில் நான்கே வார்த்தை நிற்கும் அளவுக்குப் பெரிதாக்கினார். பிறகு லீவில் இருக்கச் சொன்னார்கள். கெட்டவர்கள் இல்லை, பூங்கொத்துகூட அனுப்பினார்கள். அது என்ன பூ என்று அவர் கேட்டார்.

மகள் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். போன் வந்தால் இவர் எப்போதும் "சொல்லு கண்ணு" என்றுதான் ஆரம்பிப்பார். எங்கள் பக்கம் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். விஷயம் தெரிந்த பிறகு அவள் முதல் தடவை கூப்பிட்டபோதும் "சொல்லு கண்ணு" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா, ஜஸ்ட் கெட் ரிட் ஆஃப் தி கன், ப்ளீஸ்" என்றாள். "ஐ'ம் ஸ்கேர்ட்" என்றாள். எதற்குப் பயம் என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. துப்பாக்கிப் பெட்டியின் சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கும் வேலைக்கும் அலைந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

"சீசன் முடியட்டும் கண்ணு. முடிஞ்சதும் கொடுத்துடறேன்" என்றார் அவளிடம்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த மானை அவர் இன்னும் விடவில்லை என்று. நான் கத்தினேன். புத்தி கெட்டுப் போச்சா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஓரத்தில் தெரிகிறது, நடுவில்தான் தெரியவில்லை, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் உருவம் கிடைக்கிறது, மான் என்ன எழுத்தா, பெரிய உருவம்தானே என்றார். பழைய துப்பாக்கியில் ஓட்டை போடுவது பாவம் என்று அதுவரை சொல்லி வந்தவர், ஓட்டை போட்டு மேலே ஒரு ஸ்கோப்பைப் பொருத்திக்கொண்டு வந்தார். ரேஞ்சுப் பெண்மணிதான் பொருத்திக் கொடுத்தாள். ஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும். அவருடைய கறையும் அதோடு சேர்ந்து பெரிதானது. குறுக்கும் நெடுக்குமான கோடு சந்திக்கும் இடத்தில்தான் அது சரியாக உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுட்டுப் பார்த்தார். தட்டு அளவு தாம்பாளம் அளவு ஆனது. அந்தப் பெண்மணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே விஷயம் சொன்னாள். குண்டு வயிற்றில் பட்டால் மான் ஒரு நாள் முழுக்க ஓடி ஓடிச் சாகும், நீ பக்கத்தில் இருக்கிறாய், அப்படி நடக்காமல் பார்த்துக்கொள் என்றாள்.

நவம்பரில் போனோம். கடைசித் தோட்டாக்களை இருவருமாகத்தான் செய்தோம். நான் அளந்தேன், நான் ஊற்றினேன், நான் பின்னை விட்டுத் தடவிப் பார்த்தேன். அவர் பிரெஸின் கைப்பிடியை மட்டும் இழுத்தார். அதற்குக் கண் வேண்டாம். துப்பாக்கி கொடுத்த நண்பர் வாசலில் நின்று வரவேற்றார், இவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். பிடிக்காமலே நடக்க முடியும், ஆனால் இவர் கையை உதறவில்லை. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மான் வரும்வரை ஒளிந்து உட்கார ஒரு சின்ன மரப்பெட்டி அறை. மூன்று பக்கமும் ஜன்னல். அதற்கு இங்கே ப்ளைண்ட் என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை. நண்பர் எங்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச தூரத்தில், நேரத்துக்கு மக்காச்சோளம் கொட்டும் இயந்திரம் ஒன்று மூன்று காலில் நின்றது. விடிந்து பனி கலைந்துகொண்டிருந்தது. இவர் துப்பாக்கியை முழங்காலில் வைத்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். "வந்தா சொல்லு. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

சோளம் கொட்டியது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது.

பிறகு வந்தது. இயந்திரத்துப் பக்கம் போகாமல், இடது ஜன்னலுக்கு நேரே, முள்செடிகளுக்கு நடுவிலிருந்து வந்து நின்றது. சாகக் கிடந்தாலும் மறக்க மாட்டேன். கழுத்தில் தசை தெரிந்தது. காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசல் தூரம்தான் இருக்கும். நல்ல கண் உள்ள எவனும் தவறவிட முடியாத தூரம். நான் செய்த தோட்டா அந்த மூன்று அங்குலத்துக்குள் போய் விழும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சுடுவது நானாக இருந்தால் அது அப்படியே மடங்கி விழுந்திருக்கும். ஆனால் அது என் மான் இல்லை.

"ஏதாச்சும் வந்துருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

மான் குனிந்து எதையோ கடித்தது. நிமிர்ந்தது. எனக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைத்தால் சத்தம் கேட்கும் என்று துடைக்கவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்று, அது எனக்கு முன்னால் நின்றது, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவசரம் இல்லாமல் முள்செடிக்குள் திரும்பிப் போனது.

அவர் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்து, உள்ளே இருந்த தோட்டாக்களை விரலால் தடவி எடுத்து, ஒவ்வொன்றாக என் மடியில் போட்டார்.

"கொம்பு இருந்துச்சா?" என்றார்.

நான் மடியில் கிடந்த தோட்டாக்களை எண்ணினேன்.

"சும்மா சொல்லும்மா. நீ மூச்சை அடக்கிட்டு உட்காந்திருந்தது கேட்டுச்சு."

"இருந்துச்சுங்க."

"பெருசா?"

"பெருசுங்க."

தலையாட்டினார். பிறகு வலது பக்க ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பி, அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பது போல ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். மான் நின்றது அந்தப் பக்கம் இல்லை. நான் சொல்லவில்லை.